குவாத்தமாலாவில் வாங்கிய இரண்டு பைகள்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்டுவதோ பாராட்டுவதோ உங்கள் பாடு. முதல் பை 2,650 கெட்சால் (அந்த ஊர்க் காசு), இரண்டாவது 3,100. டாலருக்கு ஏழே முக்கால் கெட்சால் என்று வைத்தால் முன்னது சுமார் 340 டாலர், பின்னது 400. தொகையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பையைக் கையில் வாங்கி, உள்ளே வேறு ஏதாவது வைத்துக் கொடுத்திருக்கிறார்களா என்று தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். ஈரம் உறிஞ்சுவதற்குப் போடுகிற சின்னப் பொட்டலம் ஒன்றுதான் விழுந்தது.

இரண்டும் தோல் பை. இரண்டிலும் மூடி மட்டும் துணி, குவாத்தமாலாவின் மாயா பழங்குடிப் பெண்கள் இடுப்புத் தறியில் நெய்கிற துணி. அந்த நாட்டின் ஆன்டிகுவா ஊரில் இந்த ஜாடையில் பைகள் தெருவுக்கு நாலு கடையில் தொங்குகின்றன, நூறு கெட்சாலுக்குக்கூடக் கிடைக்கும். நான் சொல்வது அவற்றை அல்ல. ‘முழுக்கக் கைவேலை, இதைப்போல் இன்னொன்று கிடையாது’ என்று அட்டை கட்டி, கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்குப் போட்டு விற்கிறார்களே, அந்த ரகம். இரண்டையும் வாங்கியது வெவ்வேறு பட்டறைகளில். பெயர் சொல்லப்போவதில்லை. இரண்டிலும் எனக்குக் குறை இருக்கிறது, இரண்டுமே நாலைந்து பேர் உட்கார்ந்து தைக்கிற சின்ன இடங்கள்.

பைக்குச் செலவழிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் தோலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் வளர்ந்தவள். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறின வாசனை அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள், எனக்கு அது அப்பா வந்துவிட்டார் என்பதன் வாசனை. அம்மா சின்னாளபட்டி, கல்யாணத்துக்கு முன்னால் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். ஆக, தோலும் துணியும் சேர்ந்த ஒரு பொருளை எடைபோட எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் பாதி உடைந்த கதைதான் இது.

2022 டிசம்பர் லீவுக்கு மகளோடு ஆன்டிகுவா போனேன். ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம் சொச்சம். 1773 பூகம்பத்தில் இடிந்து, தலைநகர் என்ற பதவியை இழந்த ஊர். இடிந்த தேவாலயங்களை இடிந்தபடியே வைத்திருக்கிறார்கள். தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்தது, சக்கரப் பெட்டி இழுத்துப் போனீர்களானால் சக்கரத்தை மறந்துவிடுங்கள். எந்தத் தெரு முனையில் நின்றாலும் ஒரு எரிமலை தெரியும். அதில் ஃபுவேகோ என்கிறது அவ்வப்போது புகை விடும். முதல் நாள் பயந்தோம், மூன்றாம் நாள் காபி குடித்துக்கொண்டே “பார், விடுது” என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் குடித்தோம்.

சாந்தா கத்தலீனா வளைவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது முதல் கடை. வெளியே ஜன்னலில் ஒரே ஒரு பை. உள்ளே போனால் காபிக்கொட்டை நிறத்தில் வரிசையாக இருபது. கடைப்பெண் ‘பாருங்கள், தொடுங்கள்’ என்றாள். தொட்டேன்.

ஒரு பக்கத்தைப் பிடித்து, மேல்முகம் உள்ளே போகும்படி தோலை மடித்தேன். மெல்லிசாக, நெருக்கமாகச் சுருக்கம் விழுந்தது; விட்டதும் போய்விட்டது. அது முதுகுத் தோல். வயிற்றுப் பக்கம் என்றால் தொளதொளவென்று பெரிய சுருக்கமாக விழும், கடன் வாங்கிப் போட்ட சட்டை மாதிரி. தோளில் மாட்டுகிற பட்டையின் வெட்டு முகத்தைப் பார்த்தேன், நடுவரைக்கும் ஒரே பழுப்பு. குரோம் உப்பில் பதனிட்டதாக இருந்தால் நடுவில் சாம்பல் நீலமாக ஒரு கோடு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பெண் திரும்பிய நேரம் பார்த்து விரலில் எச்சில் தொட்டு அடிப்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன். ஈரம் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தது. மரப்பட்டையில் பதனிட்டதுதான், மேலே பிளாஸ்டிக் பூச்சு கிடையாது. (மகள் பார்த்துவிட்டாள். “அம்மா, ப்ளீஸ்” என்றாள்.)

பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு, மாடு உயிரோடு இருந்தபோது முள்ளில் கீறி ஆறின தழும்பு. அதை மறைக்காமல் விட்டிருந்தார்கள். சாதாரணமாக இப்படிப்பட்ட தோலை மேலே தேய்த்து, நிறம் அடித்து, பொய்யாக மயிர்த்துளை மாதிரி ஒரு அச்சு வைத்து ‘உயர்தரம்’ என்று அனுப்புவார்கள். தழும்பை விட்டிருக்கிறவனுக்குத் தன் தோல் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். தையல் அங்குலத்துக்கு ஏழு, மெழுகு ஏற்றிய நூல், குத்தூசியால் துளை போட்டு ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து இரண்டு பக்கமிருந்தும் வாங்கித் தைத்தது. மிஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும். இதில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி பிடித்துக்கொள்ளும். ஆன்டிகுவாவுக்குப் பக்கத்தில் பாஸ்தோரெஸ் என்று ஒரு ஊர், தெரு முழுக்க பூட்ஸ் தைக்கிறவர்கள். இந்தக் கடைக்குத் தைக்கிற பெரியவர் அங்கே தொழில் படித்தவராம். நம்பினேன், தையலே சொன்னது.

தோலுக்கு இத்தனை பார்த்த நான் துணிக்கு என்ன பார்த்தேன்? நிறம் பார்த்தேன். கருஞ்சிவப்பும் ஊதாவும் ஆரஞ்சுமாக அடர்ந்த நெசவு, நடுவில் ஒரு பறவை. கிளி போல என்று நினைத்தேன். அட்டையில் ‘பழைய மாயா துணி, பெண் நெசவாளர்களுக்கு ஆதரவு’ என்றிருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹூஸ்டனில் நான் ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேஜைக்காரி குவாத்தமாலாவின் சான் கிறிஸ்தோபால் டொட்டோனிகபான் ஊர், மாயாக்களில் கிச்சே இனம். அந்த ஊர் ஜனங்கள் 1980-களிலிருந்தே ஹூஸ்டனில் நிறைய. நம்மவர்கள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்த மாதிரியே அவர்களும். ஜனவரியில் பையை மேஜை மேல் வைத்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். எனக்குப் பெருமை.

“எந்த ஊர்த் துணின்னு கடைல சொன்னாங்களா?”

“இல்லையே.”

“சிச்சி. வீப்பில்ல இருந்து வெட்டினது.”

சிச்சி என்றால் சிச்சிகாஸ்தெனாங்கோ. வியாழனும் ஞாயிறும் சந்தை கூடும் மலை ஊர். வீப்பில் என்பது அங்கே பெண்கள் அணியும் மேல்சட்டை. தைத்த சட்டை என்றுகூடச் சொல்ல முடியாது. இடுப்புத் தறியில் நெய்த இரண்டு மூன்று பட்டைத் துணிகளைச் சேர்த்து, தலை நுழைய இடம் விட்டு, பக்கங்களை மூட்டியது. எந்த ஊர்ப் பெண் என்பதை அதன் நிறமும் உருவமும் சொல்லிவிடும். ஒன்றை நெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

அவள் மூடியைத் திருப்பி, விளிம்போடு விரலை ஓட்டினாள். பிறகு கேட்டாள்: “இந்தப் பறவைக்கு இன்னொரு தலை எங்க?”

சிச்சி வீப்பிலின் நடுவில் வருவது இரட்டைத் தலைப் பறவை. ஒரு தலை முன்னே, ஒரு தலை பின்னே என்பார்கள். ஸ்பானிய அரசர்களின் கழுகு மலையேறி வந்து சேர்ந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. என் பையில் கழுத்துக்குப் பக்கவாட்டில் கத்தரி ஓடியிருந்தது, மூடியின் அளவு அப்படி. ஒரு தலை என்னிடம், மற்றது வேறு யாருடைய பையிலோ. காஞ்சிப் பட்டில் இருதலைப் பட்சி பார்த்து வளர்ந்தவள் நான், கிளி என்று நினைத்து வாங்கியிருக்கிறேன். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், இறங்கியது. ஆனால் பையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அவள் திட்டவில்லை. “எங்க அம்மாவும் ஒண்ணை வித்தா. தம்பிக்கு ஆபரேஷன்” என்றாள். பழைய வீப்பில் சந்தைக்கு வருவது பல நேரம் அப்படித்தான். விற்றவளுக்குப் பணம் வேண்டியிருந்தது, வாங்கினவர் வெட்டிவிட்டார். ‘பெண் நெசவாளர்களுக்கு ஆதரவு’ என்ற அட்டை இந்த இடத்தில் யாரைச் சொல்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதை நெய்தவள் பேர் கடைக்கே தெரியாது, ஊர் பேரையும் எழுதவில்லை.

இனி பொருளின் உழைப்பைச் சொல்கிறேன். தோல் பதினான்கு மாதத்தில் அழகாகிக்கொண்டே போனது. இளம் பழுப்பாக வந்தது வெயிலும் கைப்படலும் சேர்ந்து பனங்கருப்பட்டி நிறத்துக்கு இறங்கியது. பட்டை ஒரு துளைகூட நீளவில்லை. பித்தளைக் கொக்கி மங்கி அந்தத் தோலுக்குப் பொருத்தமாகிவிட்டது. எடை மட்டும் கொஞ்சம் அதிகம், வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேல். டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் போட்டால் வலது தோள் சாயும்.

துணிதான். மே மாதம் ஒரு சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது, ஹூஸ்டன் மழையைப் பற்றி ஹூஸ்டன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காருக்குள் வந்து பார்த்தால் மூடியின் சிவப்பு கீழே தோலில் இறங்கி, முன்பக்கம் வெற்றிலை துப்பின மாதிரி மூன்று திட்டு. மரப்பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரோடு சாயத்தையும் குடித்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையை அழுத்திப் பார்த்திருப்பார். சுங்குடிச் சேலையை முதல் தண்ணீரில் கல்லுப்புப் போட்டுத் தனியாக அலசாமல் அவர் அலமாரிக்குள்ளேயே விடமாட்டார். எனக்கு அந்த நேரத்தில் அப்பா மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறார்.

எட்டாவது மாதம் மூடியின் வலது மூலையில் நூல் எழும்பியது. முதலில் ஒன்று. வெட்டிவிட்டேன், வெட்டியிருக்கக் கூடாது. அடுத்த வாரம் பறவையின் வாலில் இரண்டு இறகு காணோம். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த ரகப் பை வாங்குகிற எல்லோருக்கும் இது வரும். வீப்பிலில் உருவம் எப்படி வருகிறது என்றால், சேலையில் புட்டா போடுகிற மாதிரி, அடிப்படை ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) மேலாகத் தனி நிற நூலைப் பாவுக்குள் (நெடுக்கு நூலுக்குள்) விட்டு விட்டு எடுக்கிறார்கள். அந்த நூல் உருவத்துக்குள் மட்டும் போய்த் திரும்புகிறது. இடுப்புத் தறியில் நெய்த பட்டையை நாலு பக்கமும் கரையோடு இறக்க முடியும். கத்தரியே படாமல் முழுத் துணி. அந்த முழுமையில்தான் அதன் பலம். நடுவில் ஒரு வெட்டு விழுந்தால் திரும்ப வேண்டிய நூலெல்லாம் அறுந்த முனையாக நிற்கிறது. தோலை எங்கே வெட்டினாலும் ஓரம் பிரியாது. தோல்காரன் கைக்கு அதுதான் பழக்கம். அதே கையால் துணியையும் வெட்டினான்.

கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன், படத்தோடு. பத்தொன்பது நாள் கழித்துப் பதில்: பழைய துணியின் இயல்பு அது, அதன் அழகின் ஒரு பகுதி. இப்படி ஒரு பதிலை எழுத எந்த ஊரிலாவது பயிற்சி கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை, எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். சரிசெய்து தருகிறோம், அனுப்புகிற செலவு உங்களுடையது என்றும் இருந்தது. வைத்துக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில் மறுபடி போனோம். பையை நேரே எடுத்துக்கொண்டு போய்க் கடைப்பெண்ணிடம் கொடுத்தேன். அவள் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள், அங்கேதான் அந்தப் பெரியவர். ஜன்னலோரம் முக்காலி, மடியில் மரக் கவ்வி, அதில் ஒரு பட்டை. “சேன்யோ” என்று என்னை உட்காரச் சொன்னார். அங்கே பெண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். மகளின் பள்ளிக்கூட ஸ்பானிஷ்தான் எங்கள் பாலம். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலின் நிறத்தைக் கண்டு சிரித்தார். மூலையைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார். மூடியின் தையலை நாலு அங்குலம் பிரித்துக் காட்டினார். துணிக்கு அடியில் இஸ்திரி போட்டு ஒட்டுகிற மெல்லிய ஒட்டுத்துணி, அது ஓரத்துக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. ஓரம் முழுக்கப் பசையை நம்பி விட்டிருக்கிறது.

“இதுக்குத் தோல் விளிம்பு வெச்சுக் கட்டணும்னு சொன்னேன். துணி கொஞ்சமாத் தெரியும்னு வேண்டாம்னுட்டாங்க” என்றார். ஒரு வீப்பிலிலிருந்து ஆறு மூடி எடுக்கலாம், தோல் விளிம்பு வைத்தால் துணி ஓரத்தில் மடிக்கவும் இடம் வேண்டும், ஐந்துதான் வரும். அந்தக் கணக்கில் போனது என் பறவையின் வால்.

இரண்டு நாளில் விளிம்பு கட்டிக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. சாயத் திட்டை எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். அதற்காக முன்பக்கம் முழுவதையும் கொஞ்சம் கருக்க வைத்து எண்ணெய் ஊட்டினார், இப்போது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த மனிதருக்கு நூற்றுக்கு நூறு. கடைக்கு அவர் கூலியைக் கழித்துக்கொண்டு மீதி மார்க் போடலாம்.

இரண்டாவது பைக்கு வருகிறேன். இந்தத் தடவை துணியிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்திருந்தேன். ஆன்டிகுவாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் சான் அன்டோனியோ அகுவாஸ் கலியன்தெஸ். மாயாக்களில் கக்சிக்கேல் இனத்தவர் ஊர், நெசவுக்குப் பேர்போனது. சதுக்கத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பெண்கள் துணி விற்கிறார்கள். அங்கே ஒருத்தர் மண்டியிட்டு நெய்துகொண்டிருந்தார். பாவின் ஒரு முனை தூணில் கட்டியிருந்தது, மறுமுனை அவர் இடுப்பைச் சுற்றின தோல் பட்டையில். தறி என்று தனியாக ஒன்று கிடையாது. பின்னால் சாய்ந்தால் பாவு இறுகுகிறது, முன்னால் வந்தால் தளர்கிறது, அவர் உடம்புதான் தறியின் பாதி. எழுந்து பிள்ளைக்குச் சோறு போட்டால் தறி சுருட்டிக் கொண்டு மூலைக்குப் போய்விடும்.

அந்த ஊரின் பெருமை, துணியின் இரண்டு பக்கமும் உருவம் ஒரே மாதிரி தெரிகிற நெசவு. மற்ற ஊர்த் துணி பலவற்றில் பின்பக்கம் பார்த்தால் நிறம் மங்கி, நூல் ஓடியிருக்கும். இதில் எது முன், எது பின் என்று நெய்தவரிடமே பந்தயம் கட்டலாம். கையிலெடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது தோன்றியதுதான், இதைப் பையில் வைத்தால் ஒரு பக்கம் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். அவர் கழுத்து வலிக்கப் பார்த்துப் பார்த்து எடுத்த பின்பக்கத்தைப் பார்க்கப்போவது கரப்பான்கூட இல்லை.

அவர் ஒரு பட்டறைக்கு மூடி அளவிலேயே நெய்து கொடுக்கிறார் என்று தெரிந்தது. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளம், இருபத்துநாலு அகலம், நாலு பக்கமும் கரையோடு. வெட்டே கிடையாது. ஒன்றுக்கு மூன்று வாரம், பெரும்பாலும் காலை நேரத்தில் மட்டும். கூலி 600 கெட்சால், நூல் பட்டறையுடையது. மகள் போனில் கணக்குப் போட்டாள். பதினைந்து அரை நாள் என்று குறைத்து வைத்தாலும் ஒரு முழு நாளுக்கு 80 கெட்சால். நாட்டின் குறைந்தபட்சக் கூலி அப்போது நாளுக்கு நூறுக்குச் சற்று மேல். “சந்தைல இதைவிடக் கம்மி” என்றார் அவர், புகாராகக்கூட இல்லை.

மிஷினில் அச்சடித்த வீப்பில் மலிவாக வந்துவிட்டதை அவர்தான் காட்டினார், எதிர்க்கடையில் தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் அசல். கிட்டே போனால் பாலியெஸ்டரில் படம். அவர்கள் உருவங்களை உள்ளூர்க் கம்பெனி, வெளியூர்க் கம்பெனி எல்லாம் எடுத்துக்கொள்வதை எதிர்த்து இந்த சகாத்தேபெகெஸ் மாவட்டத்து நெசவாளப் பெண்களின் சங்கமான அஃபெதெஸ் 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே போனது. இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று 2017-இல் நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. ஓர் ஊரே சேர்ந்து நூற்றாண்டுகளாக நெய்ததற்கு ஒருவர் பேரில் காப்புரிமை எப்படி எழுதுவது என்பதுதான் முடிச்சு. நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாத பிரச்சினை இல்லை. விசைத்தறிச் சேலைக்குக் கைத்தறி என்று அட்டை கட்டி விற்பதை எத்தனை கடையில் பார்த்திருக்கிறோம்.

ஆன்டிகுவாவுக்குத் திரும்பி, அந்தப் பட்டறைக்குப் போய் அவர் நெய்த மூடியோடு ஒரு பை சொல்லிவைத்தேன். நீலமும் பச்சையும், பூவும், ஓரத்தில் மலை மாதிரி முக்கோணங்கள். ஈரக் கைக்குட்டை வைத்து அழுத்தினேன், ஒரு பொட்டு சாயம் இறங்கவில்லை. துணியை ஒட்டவில்லை, சுற்றிலும் கரையோரமாகத் தோலில் தைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டதற்காக மூடியின் உள்பக்கத் தோலில் கையகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டி விட்டார்கள். மூடியைத் தூக்கினால் பின்பக்கமும் தெரியும். பார்க்கிறவர்கள் தையல்காரன் மறந்துவிட்டான் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். உள்ளே ஒரு சின்ன அட்டையில் ஊர் பேரும் நெய்தவர் பேரும் எழுதியிருந்தது. விலையில் அவருக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

இதில் திருப்திப்பட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் துணியைப் பார்த்த உற்சாகத்தில் நான் தோலைப் பார்க்கவில்லை. சிரிக்காதீர்கள். அப்பா மகள் நான், பட்டையை மடித்துக்கூடப் பார்க்காமல் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஹூஸ்டன் வந்து நாலாவது மாதம் பை இடுப்புக்குக் கீழே இடிக்கத் தொடங்கியது. நான் குள்ளமாகிவிட்டேனோ என்று பார்த்தால் பட்டை இரண்டு விரற்கடை நீண்டிருந்தது. அப்போதுதான் மடித்தேன், பெரிய சுருக்கம், தொளதொள. வயிற்றுத் தோலில் பட்டை வெட்டியிருக்கிறார்கள். தோல்காரர்கள் செய்யக்கூடாத முதல் காரியம் அது. வயிற்றை உள் பாக்கெட்டுக்கு வைக்கலாம், அடியில் மறைத்து வைக்கலாம், இழுபடுகிற இடத்தில் வைக்கக் கூடாது. விளிம்புக்கு மெழுகு தேய்த்து மெருகேற்றாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது கொக்கி மடிகிற இடத்தில் வெடித்து, நகத்தால் கிள்ளினால் பட்டாணித்தோல் மாதிரி உரிகிறது. தையல் மிஷின் தையல். முதல் கடையில் தோல் தெரிந்தவர் கையில் துணி மாட்டிக்கொண்டது, இந்தக் கடையில் துணி தெரிந்தவர் கையில் தோல் மாட்டிக்கொண்டது.

எழுதிக் கேட்டதற்கு மூன்றே நாளில் பதில் வந்தது. மன்னிப்பும், புதுப் பட்டை அனுப்புகிறோம் என்ற உறுதியும். பட்டை வந்தது, பார்சல் செலவு அவர்களுடையது. மடித்துப் பார்த்தேன். மறுபடியும் வயிறு. இந்தத் தடவை வருத்தப்படக்கூட இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. முதல் கடைப் பெரியவரிடம் ஒரு வாரம் யாராவது போய் உட்கார்ந்தால் போதும், பத்து நிமிட நடைதான். அதை எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நூறு கெட்சால் பையை வாங்குங்கள், தப்பில்லை, எதிர்பார்ப்பும் இல்லை. இந்த விலையுயர்ந்த ரகத்தில் இறங்குவதானால் ஆன்டிகுவாவில் நிம் போட் என்ற கடைக்குப் போய், ஊர் ஊராகத் தொங்குகிற முழு வீப்பில்களை முதலில் ஒரு மணி நேரம் பாருங்கள். அப்புறம் பைக்கடையில் கண் தானாக வேலை செய்யும், எது எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று தெரியும். பழைய வீப்பிலை வெட்டின பை வேண்டாம் என்பது என் கட்சி. கிழிந்து போனதைத்தான் வெட்டுகிறோம் என்று கடைக்காரர் சொல்வார், கிழிசல் எங்கே என்று கேளுங்கள். அளவுக்கு நெய்ததா, கரை நாலு பக்கமும் இருக்கிறதா, எந்த ஊர் என்று கேளுங்கள். ஊர் பேர் வராத கடையில் விலை பேசாதீர்கள். ஈரக் கைக்குட்டை மறக்க வேண்டாம். பட்டையை மடித்துப் பாருங்கள், எச்சில் பரிசோதனை உங்கள் விருப்பம்.

பக்கத்து மேஜைக்காரி இரண்டாவது பையைப் பார்த்தாள். சன்னல் வழியாக விரலை விட்டுப் பின்பக்கத்தைத் தடவினாள். “இதை மேஜை மேல வை” என்றாள். பட்டையைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் இல்லை.

முதல் பையைத்தான் இப்போதும் தினம் எடுத்துப் போகிறேன், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். இரண்டாவது கல்யாணம் காட்சிக்கு. பட்டையில் போன மாதம் வீட்டுக்காரர் ஆணியைச் சூடாக்கி ஒரு துளை போட்டுக் கொடுத்தார். இந்த வாரம் அதற்கு மேலே இன்னொன்று போட வேண்டியிருக்கிறது.